30 மடங்கு ஜூம் வேண்டுமா? (வாசகர் கடிதம்)

வணக்கம் ஐயா,

அடுத்த மாதம் குடும்பத்தோடு வெளியூர்ப் பயணம் போகிறோம். பாக்கெட்டில் அடங்குகிற மாதிரி ஒரு சின்ன கேமரா வாங்க நினைக்கிறேன். கைபேசியில் இருட்டிலும் படம் சரியாக வருவதில்லை, தூரத்தில் இருப்பதும் வருவதில்லை. இரண்டு கேமராக்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 30 மடங்கு ஜூம். இன்னொன்றில் 4 மடங்குகூட இல்லை, ஆனால் 1 இன்ச் சென்சார். இரண்டுமே 20 மெகாபிக்சல். எதை வாங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இரண்டாவதை வாங்குங்கள்.

சென்சார் என்பது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு. 30 மடங்கு ஜூம் உள்ள சின்ன கேமராக்களில் பெரும்பாலும் 1/2.3 இன்ச் சென்சார்தான் இருக்கும். சுமார் 6.2 x 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. 1 இன்ச் என்று சொல்லப்படுவதன் உண்மையான அளவு 13.2 x 8.8 மி.மீ. பரப்பளவில் நான்கு மடங்கு. மெகாபிக்சல் ஒன்றாக இருந்தாலும் சின்ன சென்சாரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் விழும் வெளிச்சம் அந்த அளவுக்குக் குறைவு. நல்ல வெயிலில் இது பெரிதாகத் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகோ, அருங்காட்சியகத்தின் மங்கலான அறையிலோ எடுத்துப் பார்த்தால் தெரியும். முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். அதை கேமராவே துடைக்கப் போய், தலைமுடி இழை இழையாகத் தெரியாமல் மெழுகு பூசினாற்போல் ஆகிவிடும். இன்றைய நல்ல கைபேசிகள் பலவற்றில் மெயின் கேமராவின் சென்சாரே இந்தச் சின்ன சென்சாரைவிடப் பெரியது. பிறகு எதற்குத் தனியாக ஒரு கேமரா?

அப்புறம், லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் எண்களைப் படியுங்கள். பெரிய ஜூம் கேமராவில் 3.3-6.4 என்பதுபோல இருக்கும். முதல் எண் ஜூம் செய்யாதபோது, அடுத்தது முழு ஜூமில். எண் ஏற ஏற உள்ளே வரும் வெளிச்சம் குறையும். 2012-இல் வந்த முதல் சோனி ஆர்எக்ஸ்100-இல் இது 1.8-4.9. ஜூம் இல்லாமல் எடுக்கும்போதே மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் கூடுதல். பயணத்தில் நாம் எடுக்கும் தெரு, வீட்டார் முகம், சாப்பாட்டு மேசை எல்லாம் அப்படி எடுப்பவைதானே.

பறவைகளும் விலங்குகளும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் என் பதில் மாறும். சந்தேகமாக இருந்தால், போன பயணத்தில் எடுத்தவற்றில் ஏமாற்றம் தந்த படங்களைத் தேடிப் பாருங்கள். இருட்டால் கெட்டவை அதிகமா, தூரத்தால் கெட்டவை அதிகமா? எனக்குத் தெரிந்தவரை பலருக்கும் இருட்டுதான்.

கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் இருந்தால் நல்லது, உச்சி வெயிலில் திரையில் ஒன்றுமே தெரியாது. இந்த வகை கேமராக்களின் பேட்டரி சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்னொன்று கையில் இருக்கட்டும். கடற்கரை மணலில் மட்டும் கவனம். நீண்டு சுருங்கும் லென்ஸுக்குள் தூசி போய்விட்டால் வீட்டில் சுத்தம் செய்ய முடியாது, பிரித்துத்தான் ஆகவேண்டும்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பே வாங்கி, வீட்டு விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பழகுங்கள். ஐஎஸ்ஓவை (கிடைக்கும் வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்னும் அமைப்பு) ஆட்டோவில் விட்டு, மேல்வரம்பை 3200 என்று வைத்துத் தொடங்கினால் போதும்.