மைக் ஸ்கின்னரின் மூன்றாவது ஆல்பம்: 'பணக்காரன் புலம்பல்' மட்டும்தானா?

தி ஸ்ட்ரீட்ஸ் என்ற பெயரில் ராப் பாடும் பிரிட்டிஷ்காரர் மைக் ஸ்கின்னர். 2004-இல் வந்த அவருடைய 'எ கிராண்ட் டோன்ட் கம் ஃபார் ஃப்ரீ' ஆல்பம் பிடித்துப்போய், அடுத்ததைப் போட்டால் வெறும் பணக்காரன் புலம்பலாக இருக்கிறது, நாலு பாட்டிலேயே எரிச்சல் வருகிறது, விட்டுவிடவா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள், வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

முந்தையது, தொலைந்த 1000 பவுண்டால் தவிக்கும் சாதாரணப் பையனின் கதை. 2006-இல் வந்த 'தி ஹார்டஸ்ட் வே டு மேக் அன் ஈஸி லிவிங்' அதன் வெற்றிக்குப் பின் மைக் ஸ்கின்னருக்கு என்ன ஆனது என்பதன் கதை. முதல் பாட்டு 'பிராங்கிங் அவுட்' போதையும் பயமும் கலந்த நடுக்கம். அதை எடுத்ததும் கேட்டால் யாருக்கும் மூச்சுமுட்டும்.

முதலில் 'நெவர் வென்ட் டு சர்ச்' கேளுங்கள். இறந்துபோன அப்பாவை நினைத்துப் பாடியது. பந்தா துளியும் இல்லை. அப்புறம் 'வென் யூ வாஸன்ட் ஃபேமஸ்'. காதலிப்பவளும் பிரபலமானவள் என்பதால் வரும் சிக்கல். இடையில் கேமரா போன் வைத்திருப்பவர்களால் நிம்மதியாக ஒரு தப்புகூடப் பண்ண முடியவில்லை என்ற அங்கலாய்ப்பு வேறு! ஹோட்டல் அறையை நாசமாக்குவதைக் கலையாகவே பேசும் 'ஹோட்டல் எக்ஸ்பிரஷனிஸம்' அடுத்தது. அவர் தன்னையே கேலி செய்துகொள்வது அங்கே பிடிபடும். 'பிராங்கிங் அவுட்' கடைசியில் இருக்கட்டும்.

'டூ நேஷன்ஸ்' என்னைக் கேட்டால் தாண்டிவிடலாம். அவருடைய பர்மிங்காம் வாடை கலந்த பேச்சு புரியாவிட்டால் வரிகளை எதிரில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இதற்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால், 2008-இன் 'எவ்ரிதிங் இஸ் பாரோட்' போடுங்கள். அதில் இந்தப் புகழ்ப் புலம்பல் கிடையாது.