விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் போடலாமா?

கேள்வி: என் லப்டொப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது. பல வருடத்து வினாத்தாள்கள், பிள்ளைகளின் புள்ளிகள், வீட்டுப் படங்கள் எல்லாம் அதற்குள்தான். மகனுக்குக் கோணேசபுரி கம்பஸில் கணினி விஞ்ஞானம் கிடைத்திருக்கிறது, லினக்ஸ் வேண்டும் என்கிறான். இன்னொரு லப்டொப் வாங்க இப்போது வசதியில்லை. கடையில் கேட்டால் எல்லாவற்றையும் போர்மட் பண்ணித்தான் போடலாம் என்கிறார்கள். வேறு வழி இல்லையா?
– ஓர் ஆசிரியை, உவர்மலை

பதில்: இருக்கிறது டீச்சர். லினக்ஸும் விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் ஓர் இயங்குதளம்தான். உங்கள் விண்டோஸும் அதிலுள்ள பைல்களும் அப்படியே இருக்க, அதே டிஸ்க்கில் லினக்ஸையும் போடலாம். லப்டொப்பைப் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், நீங்கள் விண்டோஸைத் தெரிவு செய்யலாம், மகன் லினக்ஸைத் தெரிவு செய்யலாம். போர்மட் பண்ணுவது கடைக்காரருக்குச் சுலபம், உங்களுக்கு அது தேவையே இல்லை.

முதலில் வினாத்தாளும் படங்களும் ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க்குக்குப் போகட்டும். கொப்பி பண்ணியதும் நாலைந்து பைல்களைத் திறந்து பார்த்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள், ஏனென்றால் நிறுவும்போது அது செருகியிருந்தால் கை தவறி அதையே தெரிவு செய்துவிட இடமுண்டு. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

அடுத்தது பலர் பார்க்காமல் விடுகிற விஷயம். சில லப்டொப்களில் டிஸ்க் முழுவதும் பிட்லொக்கர் என்ற விண்டோஸின் பாதுகாப்புப் பூட்டால் பூட்டப்பட்டிருக்கும், சொந்தக்காரருக்கே அது தெரியாது. லப்டொப் தொடங்கும் விதத்தை முடிவு செய்கிற பூட் அமைப்பில் கை வைத்ததும் விண்டோஸ் திடீரென்று 48 இலக்க ரிகவரி கீ கேட்கும், அது கையில் இல்லாவிட்டால் உங்கள் பைல்களை நீங்களே திறக்க முடியாது. செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று தேடிப் பாருங்கள். பூட்டு இருந்தால் மைக்ரோசொப்ட் கணக்கில் சேமித்திருக்கும் அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள், அப்புறம் பூட்டை நிறுத்துங்கள். பூட்டு முழுதாக நீங்க நேரம் எடுக்கும், பொறுமையாக விடுங்கள். கூடவே பவர் ஒப்ஷன்ஸில் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதையும் நிறுத்த வேண்டும். அது இயங்கினால் நீங்கள் ஷட் டவுன் பண்ணினாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, அரைத் தூக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவில் எதையும் எழுத முடியாது.

இனி இடம். நிறுவும் நேரத்திலேயே டிஸ்க்கைப் பிரிக்கலாம் என்றாலும் நான் அதைச் சொல்லமாட்டேன், விண்டோஸின் இடத்தை விண்டோஸுக்குள் இருந்தே குறைப்பதுதான் பாதுகாப்பு. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் பண்ணி டிஸ்க் மேனேஜ்மென்டுக்குப் போய், சி டிரைவில் 'ஷ்ரிங்க் வொலியூம்' கொடுங்கள். 61440 என்று போட்டால் 60 ஜிபி பிரியும், படிக்கிற பிள்ளைக்குத் தொடங்க அது போதும். இடம் நிறைய இருந்தும் கொஞ்சம்தான் குறைக்க விடுகிறது என்றால் பேஜ் பைல், ஹைபர்னேஷன் பைல் போன்ற நகர்த்த முடியாத பைல்கள் நடுவில் இருக்கின்றன. தற்காலிகமாக அவற்றை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள். பிரிந்த இடம் கறுப்புக் கோட்டுடன் தெரியும். அதை அப்படியே வெறுமையாக விடுங்கள், புதிய டிரைவ் உருவாக்க வேண்டாம். இந்த வேலை முழுவதும் சார்ஜர் செருகியே இருக்கட்டும், பற்றரியிலும் சார்ஜ் இருக்கட்டும், நடுவில் கரண்ட் போனாலும் வேலை நிற்கக்கூடாது.

எந்த லினக்ஸ் என்றால், பழகுவதற்கு லினக்ஸ் மின்ட் 22ஐத்தான் சொல்வேன், 2029 வரை அதற்கு அப்டேட் வரும். பைல் ஏறக்குறைய 3 ஜிபி, இரவு டேட்டாவில் இறக்கலாம். ரூபஸ் என்ற மென்பொருளால் அதை ஒரு பென் டிரைவில் ஏற்றுங்கள், பென்னில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதால் வெறும் பென்னை எடுங்கள். பிறகு பென்னிலிருந்தே லினக்ஸை ஓட்டி வைபை, சத்தம், டச் பேட் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம், அதுவரை டிஸ்க்கில் எதுவும் மாறாது.

நிறுவும்போது 'விண்டோஸ் பூட் மேனேஜருடன் சேர்த்து நிறுவு' என்ற தெரிவு வரும், அதுதான் உங்களுக்கு. அதற்குக் கீழே 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்றும் இருக்கும், கடைக்காரர் சொன்னது அதைத்தான். எழுதத் தொடங்குமுன் எந்தப் பகுதிகள் போர்மட் ஆகும் என்று ஒரு பட்டியல் காட்டும். மகன் அவசரத்தில் அழுத்திவிடாமல் நீங்களும் பக்கத்தில் இருந்து வாசியுங்கள். லினக்ஸ் பகுதியின் வடிவமான இஎக்ஸ்டி4 மட்டும் இருந்தால் சரி. விண்டோஸ் பகுதியின் வடிவமான என்டிஎப்எஸ் என்று ஒன்று தெரிந்தால் உடனே பின்னுக்குப் போங்கள். டிஸ்க்கில் ஏறக்குறைய 100 எம்பியில் இஎப்ஐ என்று ஒரு சின்னப் பகுதியும் இருக்கும், இரண்டு இயங்குதளமும் தொடங்குவது அதிலிருந்துதான், அதையும் போர்மட் பண்ணக்கூடாது.

விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு தெரிவுப் பட்டியல் வராமல் நேரே விண்டோஸ் திறந்தால் பதற வேண்டாம். லினக்ஸ் எங்கும் போகவில்லை, லப்டொப் தொடங்கும்போது திறக்கும் பயோஸ் அமைப்பில், பூட் வரிசையில் லினக்ஸை மேலே வைத்தால் சரி.

பாமினியில் அடித்த வினாத்தாள்கள் லினக்ஸில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியைக் கொப்பி பண்ணி அங்கே நிறுவினால் தமிழ் வந்துவிடும். ஆனாலும் லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஒபீஸில் வரிகள் கொஞ்சம் நகரலாம், அச்செடுக்கிற வேலையை விண்டோஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன, நீட்டிப்புக்குத் தனியாகப் பதிந்திருந்தால் தவிர. அதனால் வங்கி வேலைகளை இனி லினக்ஸில் செய்யுங்கள்.

கேள்வி: லினக்ஸ் போட்ட பிறகு விண்டோஸில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டுகிறது. உள்ளே இருக்கிற பற்றரி போய்விட்டதா?
– ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: பற்றரியில் பிழை இல்லை. லப்டொப்பின் உள் மணிக்கூட்டில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. இலங்கை நேரம் அதைவிட 5.30 மணித்தியாலம் முந்தியது என்பதால் அந்த வித்தியாசம் அப்படியே தெரிகிறது. லினக்ஸில் கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து timedatectl set-local-rtc 1 என்று சின்ன ஆங்கில எழுத்தில் அடியுங்கள், பிறகு இரண்டிலும் ஒரே நேரம் இருக்கும்.