அனைத்துலக உறவுகள் படிப்பில் சுற்றுச்சூழல் அரசியலுக்கு இடம் உண்டா?

எஸ்.டி.பி.எம். (மலேசிய உயர்நிலைப் பள்ளித் தேர்வு) முடித்த தங்கள் மகள் அனைத்துலக உறவுகள் பயின்றால் சுற்றுச்சூழல் அரசியலையும் கற்க இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இயலும். நாடுகளுக்கு மேலே கட்டளையிடும் அரசு எதுவும் இல்லாத உலகில் அவை எவ்வாறு ஒத்துழைக்கின்றன என்பதே இத்துறையின் மையக் கேள்வி.

கோலாலம்பூர் மாணவருக்கு, காட்டுத்தீயால் எல்லை தாண்டிப் பரவும் புகைமூட்டத்தைவிட நெருக்கமான பாடம் இல்லை என்பது என் கருத்து. 1997-இன் கடும் புகைமூட்டத்துக்குப் பின், ஆசியான் எனும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த நாடுகள் 2002-இல் இந்நகரிலேயே எல்லை கடந்த புகைமூட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது 2003-இல் நடைமுறைக்கு வந்தபோதும், காட்டுத்தீ மிகுந்த இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் 2014-இல்தான் அதற்கு ஒப்புதல் அளித்தது. மீறுவோரைத் தண்டிக்கவும் அதில் வழியில்லை. பிற நாட்டு உள்விவகாரத்தில் தலையிடாமை என்னும் ஆசியான் கொள்கையும், இந்தோனேசியாவில் மலேசிய நிறுவனங்களும் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள் வைத்திருப்பதும் சிக்கலை ஆழமாக்குகின்றன. சிங்கப்பூரோ 2014-இல் வெளிநாட்டில் தீமூட்டும் நிறுவனங்கள்மீதும் பாயக்கூடிய சட்டத்தையே இயற்றியது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் அனைத்துலக, வியூக ஆய்வியல் துறை உள்ளது. எங்கு சேர்ந்தாலும் அனைத்துலகச் சட்டத்தையும் பொருளியலையும் அவர் சேர்த்துப் படிக்கட்டும்; மலாய் அறிந்தவர் என்பதால் இந்தோனேசிய அரசு ஆவணங்களையும் அவரால் நேரடியாக வாசிக்க முடியும்.