முயல் சாப்பிடலையா? நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க

அம்மாப்பேட்டைல இருந்து: டாக்டர், நேத்து ராத்திரில இருந்து என் முயல் ஒண்ணுமே சாப்பிடல, கேரட்டை கூட மோந்து பாத்துட்டு திரும்பிக்குது. ஒரு நாள் பட்டினி போட்டா வயிறு சரியாகிடுமா?

ஆகாதுங்க. நாய்க்கு ஒரு வேளை பட்டினி போடுவோம், முயலுக்கு அந்த கணக்கே கிடையாது. அதோட குடல் எந்நேரமும் ஓடிட்டே இருக்கணும், நின்னா கேஸ் கட்டும், வலிக்கும், வலிச்சா இன்னும் சாப்பிடாது, வாந்தி எடுத்து வெளிய தள்ளவும் அதால முடியாது. 10, 12 மணி நேரம் சாப்பிடலைன்னாலே அவசரம்தான், நீங்க இத படிக்கறப்பவே கிளம்பியிருக்கணும்.

முதல்ல கூண்டுல புழுக்கைய பாருங்க. சின்னதா காஞ்சு போயிருக்கா, இல்ல சுத்தமா போடவே இல்லையா? கூனி உக்காந்து பல்லை நறநறன்னு கடிக்குதுன்னா வலி. உடம்பு சூடு 38.5ல இருந்து 40 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கலாம், 38க்கு கீழ போனா ஆபத்து. தெர்மாமீட்டர் வெக்க பயமா இருந்தா காதை தொட்டு பாருங்க, ஜில்லுனு இருந்து முயலும் சோர்ந்து கிடந்தா வெந்நீர் பாட்டில துண்டுல சுத்தி பக்கத்துல வெச்சுட்டு அப்படியே தூக்கிட்டு போங்க. வயிறு மேளம் மாதிரி விண்ணுனு இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, உள்ள அடைப்பு இருக்கலாம்.

அஸ்தம்பட்டி: டாக்டர் சிரிஞ்சுல ஊட்ட சொன்னாரு, அவரு எழுதின பவுடர் இங்க கிடைக்கல. பால் குடுக்கலாமா சார்?

பால் வேணாம், தயிர் வேணாம், பிஸ்கட் கரைச்சு ஊத்தவே ஊத்தாதீங்க. அது வழக்கமா திங்கற பெல்லட்டை, அதான் கடைல விக்கற குச்சித் தீனிய, வெதுவெதுப்பான தண்ணில ஊற வெச்சு நல்லா கூழா மசிச்சுக்கோங்க. ஊசிய கழட்டிட்டு சிரிஞ்சை முன்பல்லுக்கு பின்னால, வாயோட ஓரமா விட்டு 1 மில்லிக்கும் கம்மியா தள்ளி, மென்னு முழுங்கினதும் அடுத்தது. மல்லாக்க போட்டு ஊத்தினா நுரையீரலுக்கு போயிடும், அவ்ளோதான் கதை. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளை சுமார் 10 மில்லி, ஒரு நாளைக்கு 4, 5 தடவை. புழுக்கை வர ஆரம்பிச்சா நல்ல சேதி, ஆனா தானா திங்கற வரைக்கும் நிறுத்தாதீங்க.

ஏற்காடு, நாகலூர் பக்கம்: ஆசையா ஓடி வருது, வாயில எடுத்து கீழ போட்டுடுது, தாடையெல்லாம் ஈரம்.

பல்லுங்க. முயலுக்கு பல் ஆயுசு முழுக்க வளரும், புல்லை அரைச்சு அரைச்சுதான் தேயணும், நீங்க பிரெட்டும் கேரட்டும் குடுத்தா எங்க தேயும்? கடைவாய்ப்பல் கூர் ஆகி நாக்கையோ கன்னத்தையோ குத்திட்டிருக்கும், அத டாக்டர்தான் மயக்கம் குடுத்து பாத்து தேய்க்கணும், முன்பல் நீளமா தெரியுதுன்னு நகவெட்டில வெட்டி விடாதீங்க, பல் பொளந்துடும். அப்புறம் அருகம்புல், காஞ்ச கொழுக்கட்டைப்புல் எப்பவும் கூண்டுல இருக்கட்டும். காபி எஸ்டேட் ஓரத்துல மருந்து அடிச்ச புல்லை மட்டும் அறுக்காதீங்க.

சூரமங்கலம்: மொட்டை மாடில ஷீட்டு போட்ட கூண்டு, மதியானம் ஆனா மூச்சு வாங்குது, தீனிய தொடமாட்டேங்குது.

சேலத்து ஏப்ரல் வெயில்ல ஷீட்டுக்கு கீழ நீங்க ஒரு மணி நேரம் உக்காந்து பாருங்களேன். 30 டிகிரி தாண்டினாலே முயல் தவிக்கும். உடனே கீழ வீட்டுக்குள்ள கொண்டு வாங்க, காதை ஈரத்துணியால தொடைங்க, ஐஸ் கட்டின பாட்டில துணில சுத்தி பக்கத்துல வைங்க. ஐஸ் தண்ணில முக்காதீங்க, அதிர்ச்சிலயே போயிடும். மூச்சு வாங்கறது நிக்கலைன்னா டாக்டர்தான்.

ஓமலூர்: பையனுக்கு வாங்கின அமாக்ஸிசிலின் சிரப் மிச்சம் இருக்கு, கொஞ்சம் குடுக்கட்டுமா? உண்ணிக்கு நாய்க்கு போடற சொட்டு மருந்தும் இருக்கு.

ரெண்டையும் எடுத்து உள்ள வைங்கம்மா. அமாக்ஸிசிலின் வாய் வழியா போனா முயல் குடல்ல இருக்கற நல்ல கிருமி செத்து பேதியாகி முயலே போயிடும். நாய் மருந்துல ஃபிப்ரோனில்ங்கற பூச்சிமருந்து இருந்தா அது முயலுக்கு விஷம், ஏற்கனவே போட்டிருந்தா இப்பவே டாக்டர்கிட்ட ஓடுங்க, மருந்து அட்டைப்பெட்டிய கைல எடுத்துட்டு. பக்கத்துல முயல் பாக்கற டாக்டர் இல்லைன்னா நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, உங்களுக்கு எட்டற தூரம்தான்.

கொண்டலாம்பட்டி: விடிகாலைல தன் பின்பக்கம் வாய வெச்சு எதையோ திங்குது, பசியா?

பசி இல்ல. திராட்சை கொத்து மாதிரி மெத்துனு வர்ற புழுக்கைய அது திரும்ப திங்கணும், அதுலதான் அதுக்கு வைட்டமின். அது தரைலயே கிடக்குதுன்னா அப்ப கேளுங்க.