ஆமிஷ் தொலைபேசி விதி மாறிய ஆண்டு?

ஆமிஷ் என்போர் நவீன வசதிகள் பலவற்றைத் தவிர்த்து, குதிரை வண்டியில் பயணிக்கும் கிறிஸ்தவப் பிரிவினர். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லான்காஸ்டர் பகுதி ஆமிஷ் சபைகள் பட்டறையில் தொலைபேசியை அனுமதித்தது எந்த ஆண்டு என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரே ஓர் ஆண்டு கிடையாது. 1910 வாக்கில் வீட்டுத் தொலைபேசிக்குத் தடை வந்தது. தளர்வு மட்டும் மெல்ல மெல்லத்தான் நடந்தது. முதலில் பல குடும்பங்களுக்குப் பொதுவாகப் பாதையோரம் தொலைபேசி வைத்த ஒரு மரக்கூண்டு. பிறகு தொழுவத்துப் பக்கம், அதன்பின் பட்டறை. யாரும் கண்டிக்காமல் சில ஆண்டு ஓடினால் அதுவே வழக்கமாகிவிடும்.

அவர்களுடைய ஒழுங்குமுறையான ஆர்ட்னுங் பெரும்பாலும் வாய்மொழியாகவே இருப்பதுதான் நீங்கள் தேடும் அனுமதி ஆவணம் சிக்காததற்குக் காரணமாக இருக்கும். முடிவும் சபைக்குச் சபை வேறுபடும்.

இதைச் செய்து பாருங்கள்: ஒரே ஒரு சபையை எடுத்துக்கொள்ளுங்கள். வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் திருவிருந்து எனும் சபை வழிபாட்டுச் சடங்குக்கு இரண்டு வாரம் முன்பு ஆலோசனைக் கூட்டம் நடக்கும். ஒழுங்குகளை எடுத்துச் சொல்வது அங்கேதான். தொலைபேசி பற்றிய எச்சரிக்கை அதில் எப்போது நின்றது என்று அங்குள்ள முதியவர்களிடம் கேளுங்கள். அனுமதி அறிவிப்பைத் தேடுவதைவிட இது பலன் தரும்.

ஒன்றில் கவனம் தேவை. குதிரை வண்டி ஓட்டுபவர்கள் எல்லாரும் ஆமிஷ் அல்லர். லான்காஸ்டரில் சாம்பல் நிற வண்டி ஆமிஷுடையது. கறுப்பு வண்டி பெரும்பாலும் குரோஃப்டேல் மெனோனைட்டுகள் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினருடையது. இந்த மெனோனைட்டுகள் வீட்டுக்குள்ளேயே தொலைபேசி வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கலந்தால் காலவரிசையே குழம்பிவிடும்.