மகள் புரொடக்‌ஷன் இன்ஜினியரிங் கேட்கிறாள்: சேர்க்கலாமா?

வணக்கம் அம்மா. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கிற கட்-ஆஃப் இருந்தும் மகள் புரொடக்‌ஷன்தான் வேண்டும் என்கிறாள், கடைசியில் லேத் பட்டறையில்தானே நிற்கப்போகிறாள் என்று பயப்படுகிறீர்கள். லேத், மில்லிங், வார்ப்பு எல்லாம் பாடத்தில் உண்டு. ஆனால் இந்தப் படிப்பின் இன்னொரு பாதி வேறு. ஆள், மெஷின், சரக்கு, நேரம் இந்த நான்கில் எது எங்கே சிக்கி நிற்கிறது என்று கண்டுபிடித்து அவிழ்க்கிற வேலை அது. ‘ஐ.இ.’ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) என்று கம்பெனிகளில் சொல்வது அதைத்தான். அந்த வேலைக்குப் போனால் கையில் இருப்பது ஸ்டாப்வாட்ச்சும் எக்செல் ஷீட்டும்.

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர், ஆளுக்கொரு வேலை. துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் தோள் சேர்க்க 20 விநாடி, கழுத்து ரிப் வைக்க 36, கை ஏற்ற 40, சைடு அடிக்க 45. மடிப்புத் தைக்கும் பிளாட்லாக் மெஷினில் கை மடிப்புக்கு 30, கீழ் மடிப்புக்கு 34. 8 மணி நேரத்தில் 800 பீஸ் வேண்டும். 28,800 விநாடியை 800-ஆல் வகுத்தால் 36 வரும். அதாவது 36 விநாடிக்கு ஒரு பீஸ் லைனை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

சைடு அடிப்பவர் 45 விநாடி எடுத்தால் நாளெல்லாம் நிமிராமல் தைத்தாலும் 640 பீஸ்தான் வரும். தோள் சேர்ப்பவரால் 1,440 முடியும். அவரை விரட்டினால் லைனுக்கு நடுவே கட்டுக்கட்டாகத் துணி குவியுமே தவிர, வெளியே வருவது அதே 640தான். சூப்பர்வைசர் இன்னொரு டெய்லர் கேட்பார், இல்லாவிட்டால் ஓவர்டைம் போடுவார். இரண்டுமே செலவு.

உங்கள் மகள் செய்ய வேண்டியது கணக்கு. தோள், கை, சைடு மூன்றும் ஓவர்லாக் வேலை. தோள்காரருக்குத் தன் 800 பீஸை முடிக்க 16,000 விநாடி போதும். சைடில் மீதி நிற்கும் 160 பீஸை அவரிடம் கொடுத்தால் 7,200 விநாடி கூடும். அடுத்து கை ஏற்றுபவர் 720-இல் நின்றுவிடுவார். மீதி 80 பீஸையும் தோள்காரரே தைத்தால் இன்னும் 3,200. எல்லாம் சேர்த்து 26,400 விநாடி. அப்போதும் 40 நிமிடம் கையிருப்பு. ஆள் கூட்டாமல், மெஷின் வாங்காமல் காகிதத்தில் 800 வந்துவிட்டது.

காகிதத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் இன்ஜினியர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். பீஸ் ரேட்டில், அதாவது பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில் தைப்பவர் தோளை விட்டுவிட்டு சைடு அடிக்க வரமாட்டார். ரேட் என்ன என்று முதலில் பேசி முடிக்க வேண்டும். பழகாத கையில் சைடு தையல் சுருங்கும். செக்கிங்கில் திரும்பி வரும் பீஸ், பிரிப்பதற்கு ஒருமுறை, தைப்பதற்கு ஒருமுறை என நேரத்தை இரண்டு மடங்காகத் தின்னும். கழுத்து ரிப் சரியாக 36 விநாடியில் நிற்கிறது. அங்கே நூல் அறுந்து 10 நிமிடம் போனால் 16 பீஸ் போனது போனதுதான். அதனால் அந்த மெஷினுக்கு முன்னால் எப்போதும் ஒரு கட்டு காத்திருக்க வேண்டும், கட்டு எடுத்துக் கொடுக்கும் ஹெல்பர் அதைத் தீரவிடக் கூடாது.

நேரம் எடுப்பதிலும் தவறு நடக்கும். ஊசி ஓடுவதை மட்டும் அளந்துவிட்டு, கட்டைப் பிரிப்பதையும் திரும்பக் கட்டுவதையும் விட்டுவிடுவார்கள். 20 பீஸ் கட்டுக்கு 40 விநாடி என்றால் பீஸுக்கு 2 விநாடி. 800-க்கு அது 26 நிமிடத்துக்கு மேல். அசதிக்கும் தண்ணீர் குடிக்கப் போவதற்கும் சதவீதம் சேர்க்காமல் போட்ட டார்கெட், தொழிலாளி மேல் ஏற்றிய அநியாயச் சுமை. இது நல்ல இன்ஜினியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பனியன் கம்பெனி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இதே கண்ணோட்டம் ஓரகடம், ஓசூர் வாகனத் தொழிற்சாலைகளிலும் கோவை பம்ப், ஃபவுண்டரிகளிலும் வேண்டும். தரத்துக்கான டெமிங் பரிசை 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவும் 2002-இல் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கின. இந்த வேலையை மதிக்கிற கம்பெனிகள் நம் ஊரிலேயே உண்டு. ஆனால் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. முதல் சம்பளம் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனிக்குக் குறைவாகவே இருக்கும், ஷிஃப்ட் இருக்கும், நாளில் பாதி நின்றுகொண்டே போகும்.

சேர்க்கையைப் பொறுத்தவரை கிண்டி பொறியியல் கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், கோவை பி.எஸ்.ஜி. டெக்கில் புரொடக்‌ஷன் இரண்டும் தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்கில் வருபவை. திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் வேண்டும். எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் இந்தத் துறைக்கு என்றே ஒரு தாள் இருக்கிறது. மேற்படிப்புக்கு 1963-இல் தொடங்கிய நிட்டி (தேசிய தொழில் பொறியியல் நிறுவனம்), 2023 முதல் ஐ.ஐ.எம். மும்பை என்ற பெயரில் இயங்குகிறது. வேறு கல்லூரி கிடைத்தால், சேரும் முன் ஒர்க் ஸ்டடி லேப் (வேலை முறையையும் நேரத்தையும் அளந்து பழகும் இடம்) இருக்கிறதா, தொழிற்சாலைப் பயிற்சி எத்தனை வாரம், போன வருடம் எந்தெந்தக் கம்பெனி புரொடக்‌ஷன் வேலைக்கு ஆள் எடுத்தது என்று நேரில் கேளுங்கள். பயிற்சி என்றால் ஒருநாள் சுற்றுலா என்று பதில் வந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம். படிக்கும்போதே புள்ளியியலில் அவள் கூடுதல் கவனம் வைக்கட்டும்.

சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன் ஒரு வேலை கொடுங்கள். தெரிந்தவர் கம்பெனி எதுவாக இருந்தாலும், அனுமதி வாங்கி இரண்டு நாள் அவளை ஒரு லைன் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எந்த மெஷினுக்கு முன்னால் சரக்கு குவிகிறது, எது வேலையில்லாமல் நிற்கிறது என்று மணிக்கு ஒருமுறை எழுதட்டும். 20 வருடம் தைத்த அக்காவிடம் போய், “ஏன்க்கா இங்க மட்டும் தேங்குது?” என்று கேட்டு, அவர் சொல்வதையும் எழுதட்டும். இரண்டாம் நாள் சாயங்காலம் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். பக்கம் நிறைந்திருந்தால் புரொடக்‌ஷனை முதல் சாய்ஸாகப் போடுங்கள். முதல் மணி நேரத்தோடு நின்றிருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸைப் பற்றி அவளோடு இன்னொரு முறை பேசுங்கள்.