விண்டோஸ் லேப்டாப்பைப் பென்டிரைவிலிருந்து லினக்ஸில் பூட் செய்து, முழு டிஸ்க்கையும் இமேஜ் (டிஸ்க்கின் முழு நகல்) எடுப்பது பாதுகாப்பானதா? எப்படிச் செய்வது?

பாதுகாப்பானதுதான். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸ் உங்கள் உள் டிஸ்க்கில் தானாக எதையும் எழுதுவதில்லை. விண்டோஸ் அணைந்திருப்பதால் எந்த ஃபைலும் பயன்பாட்டில் இருக்காது, டிஸ்க் அசையாமல் நிற்கும்போது அப்படியே நகல் எடுக்கலாம். அலுவலகத்தில் புது லேப்டாப் யாருக்காவது கொடுக்கும் முன்பும், பழையதில் எஸ்எஸ்டி மாற்றும் முன்பும் நான் செய்வது இதைத்தான். பயன்படுத்துவது குளோன்ஸில்லா லைவ். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவான இலவச மென்பொருள் அது.

இமேஜ் எடுப்பது இதில் சுலபமான பகுதி. சிக்கலெல்லாம் பென்டிரைவைச் செருகுவதற்கு முன்பே இருக்கிறது. அதனால் அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் பூட்டி வைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன். "நான் அதையெல்லாம் ஆன் பண்ணவே இல்லையே" என்று பலர் சொல்வார்கள். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே நுழைந்தால், பெரும்பாலான லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அது தானாகவே ஆன் ஆகிவிடும். அந்த நிலையில் பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ்) போய் செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் பாதுகாப்பு) அணைத்தீர்கள் என்றால், அடுத்த முறை விண்டோஸ் திறக்காமல் நீலத் திரையில் 48 இலக்க ரிகவரி கீ கேட்கும். யூடியூபில் பாதிப் பேர் "முதலில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்யுங்கள்" என்றுதான் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள்.

முதல் வேலை, அந்தக் கீ எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் ரிகவரி கீக்கள் என்று ஒரு பக்கம் இருக்கும். அங்கே ஒவ்வொரு கீயின் பக்கத்திலும் ஒரு கீ ஐடி இருக்கும். நீலத் திரையில் காட்டும் ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு அது பொருந்த வேண்டும். ஒரே கணக்கில் பழைய லேப்டாப்களின் கீக்களும் கலந்து கிடக்கும் என்பதால் இதைக் கவனியுங்கள். கீயைத் தாளில் எழுதியோ, வேறு போனில் படம் எடுத்தோ வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் டியூஷன் நடத்தும் அக்காவின் லேப்டாப்பை, வாங்கிய கடைக்காரர் தன் சொந்த மெயில் ஐடியிலேயே செட்டப் செய்து கொடுத்திருந்தார். கீ அவர் கணக்கில் இருந்தது. கடையை மூடிவிட்டு அவர் ஊரை விட்டே போயிருந்தால், அந்த அக்காவின் வினாத்தாள்கள் எல்லாம் அதோடு போயிருக்கும்.

என்கிரிப்ஷனுக்கு இன்னொரு விளைவும் உண்டு. பூட்டில்லாத சாதாரண விண்டோஸ் பார்ட்டிஷன் (என்டிஎஃப்எஸ்) என்றால் குளோன்ஸில்லா பயன்பாட்டில் உள்ள பகுதியை மட்டும் நகலெடுக்கும். பூட்டிய பிட்லாக்கர் பார்ட்டிஷனில் எது காலி, எது டேட்டா என்று அதற்குத் தெரியாது, அதனால் ஒவ்வொரு செக்டராக எடுக்கும். 512 ஜிபி டிஸ்க்கில் 90 ஜிபிதான் நிரம்பியிருந்தாலும் இமேஜ் 512 ஜிபியை ஒட்டியே வரும். கம்ப்ரஸ் செய்தாலும் சுருங்காது. பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்வது, அதாவது தற்காலிகமாக நிறுத்துவது, இதற்குத் தீர்வில்லை, ஏனென்றால் டிஸ்க்கில் உள்ள டேட்டா அப்போதும் என்கிரிப்ட் ஆகியேதான் இருக்கும். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை முழுமையாக ஆஃப் செய்து, டிகிரிப்ட் ஆகி முடியும் வரை காத்திருந்து, இமேஜ் எடுத்த பிறகு மறுபடி ஆன் செய்யுங்கள். அந்த இமேஜ் பூட்டில்லாத நகல் என்பதால் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பத்திரமாக வையுங்கள்.

சரி, இப்போது பூட். டெல்லில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் என்று பூட் மெனுவைத் திறக்க ஒவ்வொன்றுக்கும் கீபோர்டில் ஒரு கீ. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸில் எஃப்12 பூட் மெனுவை எனேபிள் செய்ய வேண்டியிருக்கலாம். நான் பெரும்பாலும் இந்தக் கீக்களைத் தேடுவதே இல்லை. விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் மெனுவில் 'யூஸ் எ டிவைஸ்' போனால் பென்டிரைவ் பட்டியலில் இருக்கும். இதில் இன்னொரு நன்மை: ஷட் டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக விண்டோஸ் பாதித் தூக்கத்தில் கிடக்கும், பார்ட்டிஷனும் சுத்தமாக மூடியிருக்காது. ரீஸ்டார்ட்டில் அந்தத் தொல்லை இல்லை.

செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லாமல் போகலாம். உபுண்டு என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட குளோன்ஸில்லா பதிப்பு அதோடு சேர்ந்தே ஓடும். சில புது திங்க்பேடுகளில் மட்டும் 'மைக்ரோசாஃப்ட் தேர்ட் பார்ட்டி யுஇஎஃப்ஐ சிஏ' என்ற சான்றிதழை பயாஸில் அனுமதிக்க வேண்டும். முன்பு வேலை செய்த பழைய பென்டிரைவ் இப்போது 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று காட்டி மெஷினையே அணைக்கிறதா? ஆகஸ்ட் 2024 விண்டோஸ் அப்டேட் பழைய லினக்ஸ் பூட்லோடர்களை (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் புரோகிராம்கள்) தடை செய்ததன் விளைவு அது. குளோன்ஸில்லாவின் புதிய ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோட் செய்து பென்டிரைவில் எழுதினால் போதும்.

பூட் ஆகி, உள் டிஸ்க்கே பட்டியலில் வரவில்லை என்றால் பயாஸில் ஸ்டோரேஜ் மோடைப் பாருங்கள். இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும். ஒரே ஒரு டிஸ்க், ஆப்டேன் (இன்டெலின் வேகமூட்டும் நினைவகம்) எதுவும் இல்லை என்றால், ஏஹெச்சிஐ என்ற சாதாரண மோடுக்கு மாற்றி இமேஜ் எடுத்துவிட்டு, விண்டோஸைத் திறக்கும் முன் பழையபடி மாற்றிவிடுங்கள். நடுவில் விண்டோஸ் பூட் ஆனால் நீலத் திரையோடு நிற்கும்.

குளோன்ஸில்லா மெனுவில் டிவைஸ்-இமேஜ், பிறகு சேவ்டிஸ்க் (முழு டிஸ்க்கையும் சேமிப்பது) தேர்ந்தெடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை இமேஜ் வைக்கும் இடமாகக் கொடுங்கள். டிஸ்க்கை 'என்விஎம்இ', 'எஸ்டிஏ' என்ற பெயரை வைத்து அடையாளம் காணாதீர்கள், மாடலையும் கொள்ளளவையும் பாருங்கள். முடிவில் இமேஜ் ரீஸ்டோர் ஆகுமா என்று சோதிக்கவா எனக் கேட்கும். நேரமானாலும் ஆம் என்று கொடுங்கள். ரீஸ்டோர் செய்யும்போது, அழியப்போகும் டிஸ்க்கின் மாடலையும் பார்ட்டிஷன்களையும் காட்டி, இரண்டு முறை 'ஒய்' அடிக்கச் சொல்லும். அந்த வரிகளை நிதானமாகப் படியுங்கள். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் சாதாரண முறையில் ரீஸ்டோர் ஆகாது, அதனால் எஸ்எஸ்டி வாங்கும் முன்பே அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மெனுக்கள் மிரட்டினால் ரெஸ்க்யூஸில்லா என்ற மென்பொருளைப் பாருங்கள். மவுஸில் கிளிக் செய்யலாம், குளோன்ஸில்லா இமேஜையும் அது படிக்கும்.

அப்புறம், டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுகிறது, ஃபைல் திறக்கத் திணறுகிறது என்றால் குளோன்ஸில்லா வேண்டாம். சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸைப் பூட் செய்து அதில் உள்ள ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, பழுதான இடங்களைக் கடைசியில்தான் தொடும். எதை எடுத்தது, எது பாக்கி என்பதை மேப் ஃபைலில் குறித்து வைப்பதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் ஃபைலை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலேயே வையுங்கள். லைவ் லினக்ஸின் தற்காலிக ஃபோல்டரில் வைத்தால் கரண்ட் போனதும் அதுவும் போய்விடும்.